என் வீட்டுக்காரர் ஊதிய விசில்

என்னைத் துரத்துவதற்காகச் சம்பளம் வாங்கிய ஒரு மனுஷனுக்கு நான் மாசக்கணக்கில் சோறு போட்டிருக்கிறேன். அது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான்.

காலையில் அவருடைய காக்கிச் சட்டையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். துவைத்துப் போட்டதும் நான்தான். அவர் அதை மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு மொபெட்டில் கிளம்புவார். அவர் தெருமுனை திரும்பியதும் நான் உப்பள வரப்பு மேலே குறுக்கு வழியில் நடப்பேன். ரெண்டு பேரும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். அவர் கரையில் நிற்பார், நான் தண்ணீரில் இருப்பேன். அவர் ஊதுவார், எனக்குக் காது கேட்காது. சாயங்காலம் ஒரே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும் என்பது ரெண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

நாங்கள் இருளர். மரக்காணம் உப்பளங்கள் முடிந்து கழுவெளி ஏரி தொடங்குகிற இடத்தில் எங்கள் குடியிருப்பு. வெயில் காலத்தில் உப்பளத்தில் கூலி வேலை கிடைக்கும். மழை பிடித்துவிட்டால் பாத்திகளில் தண்ணீர் நின்றுவிடும். உப்பு முதலாளி போர்த்திப் படுத்துக்கொள்வார், எங்களுக்கும் வேலை இருக்காது. அந்த மாசங்களில் எங்களுக்குச் சோறு போடுவது இறால்.

இறால் என்றதும் வலை, படகு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதெல்லாம் கடலுக்குப் போகிறவர்களிடம் இருப்பது. எங்களிடம் இருப்பது கை. உட்கார்ந்தால் மார்பளவு வருகிற தண்ணீரில் முட்டி போட்டு உட்கார்ந்து, சேற்றை ரெண்டு கையாலும் தடவிக்கொண்டே நகர வேண்டும். விரலில் இறால் இடிக்கும். இடித்த நொடியில் அமுக்க வேண்டும். அமுக்கியதைப் போட பனையோலையில் முடைந்த ஒரு சின்னப் பை உண்டு, அதற்குப் பறி என்று பேர். கை ரெண்டும் சேற்றுக்குள் இருப்பதால் பறியைப் பல்லில்தான் கவ்விக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தால் பறி விழும், அதுவரை பிடித்ததெல்லாம் தண்ணீரோடு போய்விடும். அதனால் தண்ணீருக்குள் எங்கள் பொம்பளைகள் யாரும் பேச மாட்டோம். தண்ணீர்ப் பாம்பு வந்தால்கூடக் கையை ஆட்டித்தான் காட்டுவோம்.

“எங்க சனத்துல பொம்பளைங்க வாயை மூடிக்கினு இருக்கற ஒரே நேரம் அதான்” என்று கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் சொன்னார். அன்றைக்கு அவருக்கு என்ன ஆனது என்பதை எழுதினால் அவருடைய மானம் போய்விடும்.

அவரைப் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் கையில் இறால் சிக்காத ஒரே ஆம்பிளை அவர்தான். மற்ற ஆம்பிளைகள் பறி நிறைய ஏறி வருவார்கள். இவர் காலில் முள் குத்திக்கொண்டு ஏறி வருவார். கல்யாணப் பேச்சு முடிந்த பிறகு ஒரு நாள் என் அப்பா அவரைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்துவிட்டு, கரைக்கு வந்து என்னிடம், “மாப்ள நல்ல புள்ளதான்” என்று மட்டும் சொன்னார். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில், எங்கள் குலதெய்வம் கன்னியம்மா முன்னால் எங்களுக்குத் தாலி கட்டு நடந்தது. பிடிக்கத் தெரியாத அந்தக் கை தின்பதில் படு கெட்டி. இறால் குழம்பு வைத்த அன்று அவர் சட்டியைத் துடைத்து எடுத்த பிறகு கழுவ வேண்டிய வேலையே எனக்கு இருக்காது.

ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தபோது, உள்ளூர் ஆட்களில் சிலரைக் காவலுக்கு எடுத்தார்கள். இவரும் போய் நின்றார், கிடைத்துவிட்டது. தண்ணீருக்குள் இறங்காமல் தண்ணீர்க் கரையிலேயே நிற்கிற வேலை. அவருக்காகவே செய்த மாதிரி இருந்தது. சட்டை வந்த அன்று என் மகளுக்கு அவரை அடையாளமே தெரியவில்லை, அழுது தீர்த்துவிட்டாள். மறு வாரம் அவளே வாயில் விரலை வைத்துக்கொண்டு ‘பீ பீ’ என்று கோழிகளைத் துரத்த ஆரம்பித்தாள்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், வளைவில் வந்தது.

கால்வாய் ஏரியில் வந்து சேருகிற இடம் அது. கால் புதைந்தாலும் ஆளை விழுங்காத சேறு, கடலிலிருந்து ஏறி வருகிற உப்புத் தண்ணீர். இறால் அங்கேதான் ஒதுங்கும். மற்றப் பக்கமெல்லாம் ஒன்று உப்பளம், இல்லையென்றால் வேலி போட்ட இறால் பண்ணை, இல்லையென்றால் ஆழம். நாங்கள் கை வைக்க முடிகிற தண்ணீர் வளைவு ஒன்றுதான். அது போய்விட்டால் மழை மாசத்தில் எங்களுக்கு மிச்சமிருப்பது செங்கல் சூளை. முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய், திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே பாதிப் பேர். என் அத்தை, அதாவது என் வீட்டுக்காரரைப் பெற்றவள், அப்படித் தப்பி வந்தவள்தான். சூளையைப் பற்றி அவள் பேச மாட்டாள். கல் சுமந்து வழுக்கையான உச்சந்தலையை முந்தானையால் மூடிக்கொள்வாள், அவ்வளவுதான். “இனிமே செத்தாலும் இந்தத் தண்ணியிலதான்” என்று மட்டும் எப்போதாவது சொல்வாள்.

மழைக்கு முன்னால் ஒரு நாள் வனத்துறை ரேஞ்சர் ஐயா எங்கள் குடியிருப்புக்கு வந்து, அங்கன்வாடி வாசலில் நின்று பேசினார். நல்ல மனுஷன். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. “ஏம்மா, நான் உங்களை வெளியேத்த வரலை” என்று ஆரம்பித்தார். “ஜனவரியில பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பறவை எங்க அதிகமா கூடுதோ அந்த இடத்தை மூடிடுவோம், யாரும் கால் வைக்கக் கூடாது. எங்க கூடலையோ அதை உங்களுக்கு விட்டுடலாம். அதுவரைக்கும் வளைவுல இறங்காதீங்க.”

“அதுவரைக்கும் சோத்துக்கு?” என்று அத்தை கேட்டாள்.

சட்டென்று ஒரு பொய்யைச் சொல்லாமல் பேசாமல் நின்றார் பாருங்கள், அதனால்தான் நல்ல மனுஷன் என்றேன்.

நாங்கள் இறங்கினோம். என் வீட்டுக்காரர் ஊதினார்.

முதல் நாள் அவர் விசில் ஊதியது அவருடைய அம்மாவைப் பார்த்துத்தான். அத்தை வாயில் பறி. திட்டவும் முடியாது. சேறு வழிகிற கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, கோயில் குருக்கள் ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி மகனுக்குக் காட்டிவிட்டு மறுபடி சேற்றைத் தடவ ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் பறி போய்விடும். மூக்கு வழியாகச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டில் அவர் கத்தினார். “ஏம்மே, உனக்குக் காது இல்ல? நீ உள்ள இருந்தா நான் ஊதித்தான் ஆவணும்.”

“ஊது. யாரு வேணான்னது? வாய் வலிச்சா சொல்லு, சுடுதண்ணி வெச்சுத் தரேன்.”

அன்று இறால் குழம்பு வைத்திருந்தேன். வீடு முழுக்க வாசனை. தட்டில் ஊற்றப் போனபோது கையால் மறைத்துக்கொண்டார்.

“வேணாம். ரசம் ஊத்து.”

“ஏன்? உடம்புக்கு ஆவலையா?”

“சட்டை போட்டுக்கினு அதைத் துரத்திட்டு, சட்டையைக் கழட்டிட்டு அதையே தின்னா நான் மனுஷனா? வளைவுல பிடிச்சது எனக்கு வேணாம். நீங்க தின்னுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ரெண்டு நாளில் வழிக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. பொடி இறாலைத் தொக்கு பண்ணினேன், பெரிய இறாலை வறுத்தேன், முருங்கைக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். மனுஷன் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டு, மூச்சை மட்டும் நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு சாப்பிட்டார். இளைத்துப்போனார். காக்கிச் சட்டை தோளில் தொங்கியது. கோபம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

ஜனவரி வந்தது. கணக்கெடுப்புக்கு முந்தின சாயங்காலம் அத்தை பொம்பளைகளையெல்லாம் கூட்டினாள். அவளுடைய யோசனை சுலபமானது. பறவை கூடுகிற இடத்தை மூடுவார்கள், கூடாத இடத்தை விடுவார்கள். அப்படியென்றால் கணக்கெடுக்கிறவர்கள் வருகிற நேரத்தில் வளைவில் ஒரு பறவையும் இருக்கக் கூடாது. விடியும்போது நாம் இறங்கிவிடுவோம். தட்டு தட்டுவோம், கூச்சல் போடுவோம். எல்லாம் பறந்து ஏரி நடுவுக்குப் போய்விடும். அவர்கள் வந்து பார்ப்பார்கள், காலியாக இருக்கும், எழுதிக்கொண்டு போவார்கள்.

“உன் புருஷங்கிட்ட மூச்சு விடாத” என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். அவர் கணக்கெடுக்கிறவர்களோடு போக வேண்டியவர். நான் மூச்சு விடவில்லை.

விடிகிற நேரம் வளைவு எப்படி இருக்கும் தெரியுமா? உப்பளப் பக்கம் பனி படிந்து கிடக்கும். தண்ணீர் அசையாமல் இருக்கும். மடையான் கொக்கு கரையில் தூங்குமூஞ்சியாக உட்கார்ந்திருக்கும். கூழைக்கடாக்கள் பஞ்சாயத்துக்கு வந்தவர்கள் மாதிரி வட்டமாக மிதக்கும். நாங்கள் வந்து அலுமினியத் தட்டுகளைத் தட்டி, “ஹோய் ஹோய்” என்று கத்தியபோது அத்தனையும் எழும்பியது. அந்த இறக்கைச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு நிமிஷம் வானமே வெள்ளையாகிவிட்டது. பிறகு காலி. எனக்கு மனசுக்குள் ஏதோ மாதிரி இருந்தது. அத்தைக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், தட்டைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அவளோடு ஒரு கொக்குக்குப் பழக்கம் உண்டு. ஒரு கால் விரல் கோணலாக இருக்கும், அதை வைத்துத்தான் அடையாளம். அத்தை எங்கே சேற்றைத் தடவினாலும் ஒரு முழம் பின்னாலேயே வரும். கலங்கிய தண்ணீரில் மேலே வருகிற பொடி மீனைக் கொத்தித் தின்னும். அத்தை அதற்குச் சின்ன மருமகள் என்று பேர் வைத்திருந்தாள். “ஒரு வேலை செய்யறதில்ல, பின்னாடியே வந்து தின்றது. பெரிய மருமவகிட்ட கத்துக்கினு இருக்குது” என்று என்னைப் பார்த்துச் சொல்வாள். அன்று சின்ன மருமகளும் பறந்துவிட்டது.

கணக்கெடுக்கிறவர்களைக் காணோம். நாங்கள் காவலுக்குத் தண்ணீருக்குள்ளேயே இருந்தோம். குளிர், நின்றால் உடம்பு நடுங்கியது, அதனால் முட்டி போட்டு உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் கை தானாகச் சேற்றுக்குப் போனது. போன கையில் ஒரு இறால் வந்து இடித்தது. சின்னது இல்லை, நல்ல பெரிசு.

கை சும்மா இருக்குமா? அமுக்கிவிட்டேன். அமுக்கியதை எங்கே போடுவது? காவலுக்கு வந்தாலும் இடுப்பில் பறி செருகித்தான் இருந்தது. எங்கள் பொம்பளை யாரும் பறி இல்லாமல் தண்ணீரில் இறங்கியதாகக் கதையே கிடையாது. பறியைப் பல்லில் கவ்வினேன். பக்கத்தில் பார்த்தால் இன்னொருத்தி வாயிலும் பறி. அதற்கு அடுத்தவள் வாயிலும் பறி. அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் அப்படி ஏறியிருந்தது, இறால் கொட்டிக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் எதற்கு வந்தோம் என்பதே ஒருத்திக்கும் நினைப்பில்லை. தலையைக் குனிந்து, வரிசை பிடித்து, சேற்றைக் கலக்கிக்கொண்டு நகர்ந்தோம்.

முதுகுப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். சின்ன மருமகள் வந்து அத்தைக்குப் பின்னால் நின்றது. அதற்குப் பின்னால் அதனுடைய சொந்தபந்தமெல்லாம். கொக்கு, அதற்கு அப்பால் நாரை, தலைக்கு மேலே ஆலாப் பறவைகள் ஒன்று மாற்றி ஒன்று தண்ணீரில் விழுந்து விழுந்து எழும்புகின்றன. வளைவு முழுக்க வெள்ளை. நாங்கள் கலக்கிய சேறு நெடுகப் பந்தி நடக்கிறது.

நிமிர்ந்து கரையைப் பார்த்தேன். ரேஞ்சர் ஐயா நிற்கிறார். மூன்று கால் வைத்த குழாயில் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு பட்டணத்துப் பெண் நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர்.

கத்த வேண்டும். ஒரு ‘ஹோய்’ போதும், எல்லாம் பறந்துவிடும். ஆனால் வாயில் பறி. அதுவும் கழுத்துவரை நிறைந்த பறி. அத்தை கண்ணாலேயே என்னிடம் சொன்னாள்: நீ கத்து. நான் அடுத்தவளைப் பார்த்தேன்: நீ கத்து. அவள் அதற்கு அடுத்தவளைப் பார்த்தாள். வரிசைக் கடைசிவரை அந்தப் பார்வை போய்த் திரும்பி வந்தது. வளைவே கையைவிட்டுப் போகிற நேரத்தில், பிடித்த இறாலை விட ஒருத்திக்கும் மனசு வரவில்லை. இதைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் சனம் கேட்டால், அது எப்படி வாயைத் திறப்பது என்று கேட்கும்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் விசில் ஊதினார்.

என்ன ஊது! உயிரெல்லாம் சேர்த்து ஊதினார். மேலதிகாரி முன்னால் பொண்டாட்டியும் அம்மாவும் தண்ணீரில் நிற்கிறார்கள், பாவம், அவருக்கு வேறு என்ன தெரியும்? அத்தனை பறவையும் எழும்பிப் பறந்துவிட்டது. நாங்கள் மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நின்றோம். குழாய்க்காரப் பெண், “ஐயோ அண்ணா, பாதி கூட எண்ணலையே” என்று அழுகிற குரலில் சொன்னாள்.

ரேஞ்சர் ஐயா மெதுவாகத் திரும்பினார். “ஏம்பா, யாரைத் துரத்த ஊதின?”

“அவங்களை சார்.”

“அவங்க அங்கேயேதான் இருக்காங்க. பறவைதான் போயிடுச்சு.”

என் வீட்டுக்காரர் விசிலைக் கையில் எடுத்து, அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் கரையேறினோம். பறியை எடுத்துக் கீழே வைத்ததும் அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. அவள் நினைத்ததை மகனே முடித்துக் கொடுத்துவிட்டான். வளைவு காலி. பெண் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெயில் ஏறியது. நாங்கள் கரையில் உட்கார்ந்திருந்தோம், ஒரு பறவையும் திரும்பி வரவில்லை.

அந்தப் பெண்தான் எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, முன்ன மாதிரி நீங்க உள்ள இறங்கிப் பிடிங்களேன். நீங்க இருந்தப்போதானே அதுங்களும் இருந்தது” என்றாள்.

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இறங்கினால் பறவை வரும். பறவை வந்தால் வளைவை மூடுவார்கள். இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், காலி என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள், தண்ணீர் எங்களுக்கு. அத்தை புடவையைப் பிழிந்துகொண்டே, “எங்களுக்கு முடியலம்மா, குளுருது” என்றாள்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கரையில் கவிழ்ந்து கிடந்த தட்டுகளைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் திட்டம் முடிந்தது. சொல்லாவிட்டால் வளைவு எங்களுக்கு. விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே தண்ணீரைப் பார்த்தார். ரசம் ஊற்று என்று தட்டை மறைத்தபோது இருந்த அதே முகம்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தட்டைத் தட்டி விரட்டி, பறவையே இல்லாத இடம் என்று பேர் வாங்கி, நாளைக்கு அந்தத் தண்ணீரில் எந்த முகத்தோடு இறங்குவது? பின்னால் ஒரு கொக்கும் இல்லாமல் வளைவு வளைவா? நான் அந்தக் கொக்குகளோடுதான் வளர்ந்தேன். எனக்கு அவற்றைப் பிடிக்கும். அதை இத்தனை நாள் யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எழுந்தேன். “சார், நாங்க இறங்குனா வரும். இறங்கலன்னா வராது. காலையில நாங்கதான் வெரட்டி விட்டோம், நீங்க எண்ணக் கூடாதுன்னு. இப்ப இறங்கறேன், எண்ணிக்குங்க. மூடணும்னா மூடுங்க. ஆனா யாரால வந்துச்சுன்னு சேத்து எழுதுங்க.”

“அடிப்பாவி” என்றாள் அத்தை.

பறியைக் கவ்விக்கொண்டு நான் இறங்கிவிட்டேன். ஒரு பத்தடி போயிருப்பேன், பின்னால் தண்ணீர்ச் சத்தம். அத்தைதான். வாயில் பறி இருந்ததால் திட்ட முடியவில்லை, கண்ணால் திட்டிக்கொண்டே வந்தாள். மற்றவர்களும் இறங்கினார்கள். சேற்றைக் கலக்க ஆரம்பித்தோம். சின்ன மருமகள்தான் முதலில் வந்தது. அது வந்துவிட்டால் போதுமே, ஊரே வந்துவிட்டது.

நான் கரையேறியபோது அந்தப் பெண் என்னைக் குழாயில் பார்க்கச் சொன்னாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பறி நிறையாமல் அத்தை ஏறவே மாட்டாள், இன்னும் தண்ணீரில்தான் இருந்தாள். அவள் முகம் கைக்கெட்டுகிற தூரத்தில் தெரிந்தது. கன்னத்தில் சேறு, தோள் பக்கம் கொக்கு. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பல்லில் பறியோடு சிரிக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“நான் மேல எழுதறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு ரேஞ்சர் ஐயா போய்விட்டார். அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் கொடுமை. உப்பளங்களில் அடுத்த உப்புக்காகப் பாத்தி மிதித்துக் கெட்டிப்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை என்னோடு பேசவில்லை. பேசாமல் எப்படித் திட்டுவது என்று அவளுக்குத்தான் தெரியுமே. தண்ணீருக்குள் பழகியதை வீட்டுக்குள்ளும் செய்தாள். செங்கல் சூளை மேஸ்திரி ஒருவன் குடியிருப்புப் பக்கம் வந்து போனான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தவறு செய்துவிட்டோமோ என்று பயந்தேன், நிஜமாகவே பயந்தேன்.

மாசி பிறந்த பிறகு ரேஞ்சர் ஐயா எல்லைக்கல் நடுகிற ஆட்களோடு வந்தார். ஏரியின் நடுப்பாகம் மூடல். வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மண் திட்டும் மூடல், வெயில் காலத்தில் அங்கேதான் பறவைகள் முட்டையிடும். விறகு பொறுக்க அந்தத் திட்டுக்குத்தான் போவோம், இனி போக முடியாது. வளைவு மூடல் இல்லை; அங்கே பறவை கூடுவது எங்களால்தான் என்று மேலே எழுதியிருந்தாராம். வலை கூடாது, மோட்டார் கூடாது, விளக்கு கட்டிக்கொண்டு வரக் கூடாது. கையால் பிடிக்கிறவர்கள் இறங்கலாம். கல்லை வளைவுக்கு அந்தப் புறமாகத் தள்ளி நடச் சொன்னார்.

அத்தை கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று, அது நிஜமாகவே மண்ணில் இறங்குகிறதா என்று பார்த்தாள். இறங்கியதும் சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டாள். “முட்டை போடறதுக்கு அதுங்களுக்கு ஒரு திட்டா? நான் பெத்தப்போ எனக்கு எந்தத் திட்டை ஒதுக்குனீங்க? விறகுக்கு நான் எங்க போவேன்?” ரேஞ்சர் ஐயா வாய்விட்டுச் சிரித்தார். விறகுக்கு வேறு வழி பார்க்கலாம் என்றார். அந்த வழி இன்னும் வரவில்லை, அத்தையும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்காமல் விடுவதில்லை. ஆனால் திட்டுப் பக்கம் ஆடு ஒன்று போனாலும் முதலில் ஓடிப்போய் ஓட்டிக்கொண்டு வருவது அவள்தான். என்னோடும் பேசிவிட்டாள். “பெரிய மருமவளே, பறியை எடு, தண்ணி ஏறுது” என்று கூப்பிட்டாள். அதற்குப் பேர்தான் மன்னிப்பு.

என் வீட்டுக்காரர் விசிலை விட்டுவிடவில்லை. இப்போதும் ஊதுகிறார். சாயங்காலத்தில் வெளியூரிலிருந்து வண்டியில் வலை எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து ஊதுகிறார். கரையில் அந்தச் சத்தம் கேட்டால் தண்ணீரில் இருக்கிற எங்களுக்கு ஒரு தைரியம்.

கல் நட்ட அன்று சாயங்காலம் நான் இறால் குழம்பு வைத்தேன். அவர் வந்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். நான் வேண்டுமென்றே ஒன்றும் தெரியாத மாதிரி ரசத்தை எடுத்து வந்தேன்.

கையால் தட்டை மறைத்துக்கொண்டார். “அது வேணாம்.”

“பின்ன எது வேணும்?”

“அதான்…”

“எது? பேரைச் சொல்லு.”

வெளியிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள். “சொல்லேன்டா, முத்தா உதிரப் போவுது?”

“இறாலு” என்றார். புது மாப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

சட்டியோடு கொண்டுவந்து ஊற்றினேன். முதல் வாயை எடுத்து வைத்தார். மெல்லவில்லை, அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கு வரைக்கும் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, “காரம் ஜாஸ்தி” என்றார்.

ஆமாம் என்று சொல்லி, இன்னொரு கரண்டி ஊற்றினேன். மகளும் சாப்பிட வேண்டுமே என்று அன்றைக்கு நான் மிளகாயே போடவில்லை.